போர்ட்லண்ட் மாவரிக்ஸ் (1973–1977): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஐந்தே கோடைக்காலங்கள் ஆடிவிட்டு மறைந்துபோன ஒரு பேஸ்பால் அணியைப் பற்றி நான் பேசத் தொடங்கினால், கேட்பவர்களின் ஐயங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. 2014-இல் அந்த அணியைப் பற்றிய ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியான பிறகு கேள்விகள் இன்னும் பெருகின. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்கு மாற்றாக, கேட்டவர்களின் சொற்களையே கேள்விகளாக வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். பேஸ்பால் தெரியாதவர்கள் முதலிலிருந்து படிக்க வேண்டுகிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டவை.

போர்ட்லண்ட் மாவரிக்ஸ் எந்த ஊர் அணி? எத்தனை வருஷம் ஆடியது?

ஓரிகன் மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லண்டின் அணி. 1973 முதல் 1977 வரை நார்த்வெஸ்ட் லீக் என்ற மைனர் லீகில், 'ஏ' வகுப்பின் குறுகிய பருவப் பிரிவில் ஆடியது. குறுகிய பருவம் என்றால் ஜூன் மாதத்தில் தொடங்கிக் கோடை முடிவதற்குள் முடிந்துவிடுவது. நகரின் நடுவே இருந்த சிவிக் ஸ்டேடியம்தான் அவர்களுடைய சொந்த மைதானம்.

மைனர் லீக் என்றால் சிறுவர்கள் ஆடுவதா?

இல்லை. 'மைனர்' என்ற சொல் வயதைக் குறிக்கவில்லை, படிநிலையைக் குறிக்கிறது. மேலே மேஜர் லீக். அதற்குக் கீழே மூன்று 'ஏ', இரண்டு 'ஏ', ஒற்றை 'ஏ' என்று இறங்கும் தட்டுகள். எல்லாத் தட்டுகளிலும் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஆடுகிறார்கள். மாவரிக்ஸ் ஆடிய குறுகிய பருவப் பிரிவு ஏறக்குறைய அடித்தட்டு. பள்ளி, கல்லூரிகளிலிருந்து அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் புதிதாகத் தேர்வான இளைஞர்களை முதன்முதலாகக் களமிறக்கிப் பார்த்த இடம்.

நம் ஊர்க் கிரிக்கெட்டின் மாநில அணிகளோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு. அந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும், ஏனென்றால் மாநில அணி எந்தத் தனியார் அணியின் நாற்றங்காலும் அன்று. அமெரிக்க மைனர் லீக் அணியோ பெரும்பாலும் அப்படிப்பட்ட நாற்றங்கால்தான். அடுத்த கேள்வியின் உயிர்நாடி இதுவே.

"எதையும் சாராத அணி" என்று இதைச் சொல்கிறார்களே, எதைச் சாராத அணி?

1920-களிலும் 1930-களிலும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி, மைனர் லீக் அணிகளை விலைக்கு வாங்கியும் ஒப்பந்தத்தால் கட்டிவைத்தும், தன் அணிக்கு வேண்டிய ஆட்டக்காரர்களைத் தானே வளர்த்தெடுக்கும் முறையைப் பரப்பினார். 'பண்ணை முறை' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது. மற்ற மேஜர் லீக் அணிகளும் அவரைப் பின்பற்றின. 1970-கள் வருவதற்குள் சிறு நகரத்து அணி என்றால் அதன் ஆட்டக்காரர்கள், மேலாளர், பயிற்சியாளர் ஆகியோரின் சம்பளம் எங்கோ இருக்கும் தாய் அணியிடமிருந்து வரும் என்பதும், தாய் அணி விரும்பும்போது நல்ல ஆட்டக்காரரைப் பாதிப் பருவத்தில் பிடுங்கிக்கொள்ளும் என்பதும் எழுதப்படாத விதியாகிவிட்டன.

மாவரிக்ஸுக்குத் தாய் அணி இல்லை. ஆட்டக்காரர்களைத் தேடுவதும் சம்பளம் கொடுப்பதும் உரிமையாளரின் பாடு. அதற்கு ஈடாக ஒரே ஒரு சுதந்திரம் கிடைத்தது: எதிர்கால நட்சத்திரத்தை உருவாக்குவதற்காக இன்றைய ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆடுவது வெல்வதற்காகவும், வந்திருக்கும் ஊர்மக்கள் மகிழ்வதற்காகவும் மட்டுமே.

மாவரிக் என்றால் என்ன அர்த்தம்?

டெக்சாஸில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாமுவேல் மாவரிக் என்பவர் தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடாமல் விட்டுவிட்டார். குறியில்லாமல் திரியும் மாட்டுக்கு அவர் பெயரே நிலைத்து, பிறகு யாருக்கும் கட்டுப்படாத மனிதரையும் அது குறிக்கலாயிற்று. சூடு போடாத மாடு என்பது தாய் அணி இல்லாத ஓர் அணிக்கு எவ்வளவு பொருத்தம் என்று விளக்கத் தேவையில்லை.

அதற்கு முன்னால் போர்ட்லண்டில் பேஸ்பாலே இல்லையா?

நன்றாகவே இருந்தது. பசிபிக் கோஸ்ட் லீக் என்ற மூன்று 'ஏ' லீகில் பீவர்ஸ் என்ற அணி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, சிறு இடைவெளி தவிர, அந்த நகரத்தில் ஆடிவந்தது. ஆனால் பார்வையாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 1972 பருவம் முடிந்ததும் பீவர்ஸ் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரத்துக்குக் கிளம்பிவிட்டது.

இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்லண்டில் பேஸ்பால் எடுபடாது என்று முடிவுகட்டி மேல்தட்டு லீக் கைவிட்ட ஊரில்தான், அதைவிடப் பல படிகள் கீழே இருந்த ஒரு லீகின் அணியாக மாவரிக்ஸ் பிறந்தது.

அணியை நடத்தியவர் சினிமா நடிகராமே? பெரிய பணக்காரரா?

நடிகர்தான்; பணக்காரர் அல்லர். பிங் ரஸ்ஸல் பல மேற்கத்திய படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் சிறு வேடங்களில் வந்தவர். 'பொனான்சா' தொடரில் துணை ஷெரீஃப் கிளெம் ஃபாஸ்டராக நடித்ததைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிறுவயதில் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்தபோது, அங்கே வசந்தகாலப் பயிற்சிக்கு வரும் நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரர்களைச் சுற்றிச் சுற்றி வந்தவர். லெஃப்டி கோமஸ் போன்றவர்களின் அன்புக்குப் பாத்திரமான சிறுவன் அவர். இளமையில் தாமும் மைனர் லீகில் சில காலம் ஆடினார்.

நார்த்வெஸ்ட் லீகில் சேர்வதற்கு அவர் செலுத்திய கட்டணம் 500 டாலர். அந்தத் தொகையைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அணியைச் சேர்ப்பதற்கான கட்டணம் வேறு, அதை நடத்தும் செலவு வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். சம்பளம், பயணம், மைதானம், மட்டை, பந்து என்று ஒவ்வொன்றுக்கும் அவரே பொறுப்பு. தாய் அணி இருந்தால் இவற்றில் பெரும்பகுதி அவர் தலையில் விழுந்திருக்காது.

ஆட்டக்காரர்களை எங்கிருந்து பிடித்தார்?

விளம்பரம் கொடுத்து! விளையாட்டு இதழான 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' வழியாகத் திறந்தவெளித் தேர்வு நடப்பதாக அறிவித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். வேறு அணிகள் விடுவித்தவர்கள், வயது கடந்துவிட்டது என்று ஒதுக்கப்பட்டவர்கள், எந்த அணியும் ஏறெடுத்தும் பாராதவர்கள் ஆகியோர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சொந்தச் செலவில் வந்து சேர்ந்தார்கள். மாதம் சில நூறு டாலர் சம்பளத்துக்கு அவர்களில் ஒரு பகுதியினர் தேர்வானார்கள். அடுத்து வந்த ஆண்டுகளிலும் இந்தத் தேர்வு ஒரு திருவிழாவைப் போலத் தொடர்ந்தது.

ஜிம் ஸ்வான்சன் என்ற இடக்கை கேட்சர் இந்த அணியின் தன்மைக்கு நல்ல சான்று. கேட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் அமர்பவர். தொழில்முறை பேஸ்பாலில் அந்த இடத்துக்கு இடக்கைக்காரரை எடுப்பதே இல்லை என்னும் அளவுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. பழக்கத்துக்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். மாவரிக்ஸ் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. வேறெந்த அணியிலும் ஸ்வான்சனுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கர்ட் ரஸ்ஸல் உண்மையாகவே ஆடினாரா, கூட்டம் சேர்க்க அப்பா கூட்டிவந்தாரா?

ஆடினார். பிற்காலத்தில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற கர்ட், பிங்கின் மகன். சிறுவயதிலேயே டிஸ்னி படங்களில் நடித்தவர் என்பதால் அவருடைய பேஸ்பாலை விளம்பர உத்தி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் மாவரிக்ஸ் தோன்றுவதற்கு முன்பே, கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸின் பண்ணை அணிகளில் இரண்டாம் பேஸ் (ஓடுபவர்கள் தொட வேண்டிய இரண்டாம் நிலை) காவலராக ஆடிப் படிப்படியாக மேலேறியிருந்தார். 1973-இல் இரண்டு 'ஏ' அணியான எல் பாசோவில் ஆடியபோது, இரண்டாம் பேஸில் நிகழ்ந்த மோதலில் தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. அதுவரை அந்த அணிக்காக அவர் மட்டை வீசிய சில ஆட்டங்களில் சராசரி .563, அதாவது நூறு முயற்சிக்கு ஏறக்குறைய 56 முறை வெற்றிகரமான அடி. ஆட்டம் தெரிந்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் ஒரு நொடி பேசாமல் இருப்பார்கள்.

பந்தை எறிய முடியாத தோளோடு அந்தக் கோடையில் தந்தையின் அணிக்கு வந்து, முதலில் அணியை மக்களிடம் அறிமுகப்படுத்தும் வேலையைச் செய்தார். பிறகு மட்டை வீசுவதற்கு மட்டும் களமிறங்கினார். அங்கே அவருடைய சராசரி .229, அதாவது நூறு முயற்சிக்கு ஏறக்குறைய 23 முறை வெற்றிகரமான அடி. நடிப்புக்குத் திரும்பியதற்கு அந்தக் காயம்தான் காரணம். 1977-இல் ஒருமுறை தலைகாட்டியதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

ஜிம் பவுட்டன் பெரிய ஆட்டக்காரராயிற்றே, அவர் ஏன் இந்தக் கடைசித் தட்டுக்கு வந்தார்?

வேறு கதவு திறக்கவில்லை என்பதே நேர்மையான பதில். பவுட்டன் 1963-இல் நியூயார்க் யாங்கீஸுக்காக 21 ஆட்டங்களை வென்ற பிட்சர், அதாவது மட்டையாளருக்குப் பந்தை எறிபவர். மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 1964-இல் இரண்டு வெற்றி. பிறகு கை பலவீனமடைந்தது. 1969-இல் சியாட்டில் பைலட்ஸ் அணியில் ஆடிய நாட்களைப் பற்றி நாட்குறிப்பு நடையில் ஒரு நூல் எழுதி 1970-இல் வெளியிட்டார். (அந்த பைலட்ஸும் ஓராண்டே சியாட்டிலில் தங்கிய அணி, அதன் கதை தனிக் கதை.) ஆட்டக்காரர்களின் குடி, மாத்திரை, பெண்தேடல் ஆகியவற்றை ஒளிவில்லாமல் எழுதியதால் பேஸ்பால் உலகம் கொதித்தது. எழுதியது உண்மையன்று என்று கையெழுத்திடும்படி லீக் ஆணையர் பொவீ கூன் அழுத்தம் கொடுத்தும் அவர் மறுத்துவிட்டார்.

ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, மெதுவாகச் சென்று கடைசி நொடியில் ஊசலாடும் 'நக்கிள்பால்' என்ற பந்தை நம்பி மீண்டும் எறிய விரும்பினார். 1975-இல் அவரை ஏற்றுக்கொண்டது மாவரிக்ஸ். 1977-இலும் அங்கே ஆடினார். மறு ஆண்டு, 39 வயதில், அட்லாண்டா பிரேவ்ஸுக்காக மேஜர் லீகில் மீண்டும் எறிந்து ஓர் ஆட்டத்தில் வெற்றியும் பெற்றார். இந்த ஓர் ஆட்டத்துக்காக இத்தனை ஆண்டுகளா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை; அவர்களுக்கு பேஸ்பால் பிடிக்காது என்று மட்டும் ஊகிக்கிறேன்.

துடைப்பத்தைக் கொளுத்தினார்கள் என்று படித்தேன். அது என்ன சடங்கு?

ஓர் அணியோடு தொடர்ச்சியாக ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் வென்றுவிட்டால் 'ஸ்வீப்' என்பார்கள், அதாவது பெருக்கித் தள்ளியாயிற்று. ஜோ கார்சா என்ற மாவரிக்ஸ் ஆட்டக்காரர் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, அப்படி வெல்லும் நாட்களில் துடைப்பத்தோடு மைதானத்துக்குள் ஓடிவந்து ஆட்டுவார். சில நாட்களில் அதற்குத் தீயும் வைப்பார். கூட்டம் இதற்காகவே கடைசிவரை காத்திருக்கும்.

பெண் ஒருவர் நிர்வாகியாக இருந்தாராமே?

ஆம். லானி மாஸ் என்ற 24 வயதுப் பெண்ணைப் பொது மேலாளராக பிங் அமர்த்தினார். தொழில்முறை பேஸ்பாலில் அந்தப் பதவியை ஏற்ற முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பின்னர் அதே பதவிக்கு வந்த ஜான் யோஷிவாரா, ஆசிய அமெரிக்கர்களில் முதல்வராகக் குறிப்பிடப்படுகிறார். புரட்சி செய்ய வேண்டும் என்று திட்டமிட்டு இவர்களை அமர்த்தியதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை தெரிந்தவர் எதிரே நின்றார், யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை, அவ்வளவே. முன்னே சொன்ன சுதந்திரம் களத்துக்கு வெளியேயும் வேலை செய்தது.

இந்த அணியிலிருந்துதான் ஒரு சுவிங்கம் வந்தது என்பது கதையா, உண்மையா?

உண்மை. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பையிலிருந்து துருவிய புகையிலையை அள்ளி வாயில் அடக்கிக்கொண்டு, இடைவிடாமல் துப்புவார்கள். மாவரிக்ஸின் இடக்கைப் பிட்சர் ராப் நெல்சனுக்கு அது பிடிக்கவில்லை. 1977-இல் மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில் பவுட்டனோடு அமர்ந்திருந்தபோது, புகையிலையைப் போலவே துருவிய சுவிங்கத்தைப் பையில் போட்டு விற்றால் என்ன என்று சொன்னார். பவுட்டன் பணம் போட்டார். ரிக்லி நிறுவனத்தின் துணை நிறுவனமான அமுரோல் 1980-இல் 'பிக் லீக் சூ' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

அணியில் மட்டை எடுத்துக்கொடுக்கும் வேலை பார்த்த சிறுவனுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அந்தச் சிறுவன் டாட் ஃபீல்ட். வளர்ந்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற திரைப்பட இயக்குநரானவர்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அணி நன்றாக ஆடியதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு என்பதே எனக்கு வருத்தம். ஐந்து ஆண்டுகளில் ஒன்றில்கூட மாவரிக்ஸ் வெற்றிகளைவிடத் தோல்விகளை அதிகமாகக் கண்டதில்லை. 1973-இல் 45 வெற்றி, 35 தோல்வி. 1977-இல் 44 வெற்றி, 22 தோல்வி. மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்ற அந்தப் பருவம்தான் உச்சம். மேஜர் லீக் அணிகள் பெருந்தொகை கொடுத்துத் தேர்ந்தெடுத்த இளைஞர்களை, அதே அணிகள் வேண்டாம் என்று அனுப்பிய பெரியவர்கள் தொடர்ந்து தோற்கடித்தார்கள்.

இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்தைக் கடந்த அனுபவசாலிகள், பள்ளி முடித்த பையன்களை வெல்வது அப்படியொன்றும் அதிசயமில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் வெற்றியின் பலன் ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பண்ணை அணியில் நன்றாக ஆடினால் அடுத்த தட்டு உண்டு. மாவரிக்ஸில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அடுத்த தட்டு என்று ஒன்று கிடையாது. பவுட்டனைப் போல மேலே சென்றவர்கள் மிகச் சிலரே.

லீக் கோப்பை கடைசிவரை கைக்கு எட்டவில்லை. 1977 இறுதிச் சுற்றில், மூன்று ஆட்டத் தொடரில், சியாட்டில் மாரினர்ஸின் பண்ணை அணியான பெல்லிங்ஹாமிடம் 2–1 என்று தோற்றார்கள். அதுவே அணியின் கடைசி ஆட்டமும் ஆயிற்று.

ஆள் வராமல் நட்டப்பட்டுத்தானே மூடினார்கள்?

முற்றிலும் தவறு. மிகப் பரவலான தவறும் இதுதான். 1977-இல் சொந்த மைதானத்தின் 33 ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 125,300 பேர். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 3,800. குறுகிய பருவ 'ஏ' வகுப்பில் அதுவரை யாரும் காணாத எண்ணிக்கை அது.

அணி மறைந்ததற்குக் காரணம் இந்தக் கூட்டம்தான். போர்ட்லண்டில் பேஸ்பால் எடுபடாது என்று கிளம்பிப்போன பசிபிக் கோஸ்ட் லீக், எடுபடும் என்று மாவரிக்ஸ் மெய்ப்பித்ததும் 1978-இல் திரும்பிவர முடிவு செய்தது. அன்றைய மைனர் லீக் விதிகளின்படி, மேல் வகுப்பு லீக் ஒன்று கீழ் வகுப்பு அணி இருக்கும் ஊரை எடுத்துக்கொள்ளலாம். கீழ் அணிக்கு மறுக்கும் உரிமை இல்லை, இழப்பீடு கேட்கும் உரிமை மட்டுமே உண்டு. ரசிகர்களின் அன்பு யாரிடம் இருக்கிறது என்பதை அந்த விதி கேட்பதில்லை.

500 டாலருக்கு வாங்கி இரண்டு லட்சத்துக்கு விற்றுவிட்டார் என்றால், பிங் நல்ல வியாபாரிதானே?

விற்றார் என்ற சொல்லே பொருந்தாது என்பது மேலே உள்ள பதிலிலிருந்து தெரியும். ஊரை விட்டுக்கொடுப்பதா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை; எவ்வளவு என்பது மட்டுமே பேச்சு. பசிபிக் கோஸ்ட் லீக் 26,000 டாலர் தருவதாகச் சொன்னது. அவர் கேட்டது 206,000 டாலர். மைனர் லீக் ஊர் ஒன்றுக்கு அதுவரை யாரும் அப்படியொரு தொகை கேட்டதில்லை என்பதால் எதிர்த்தரப்பு ஏற்கவில்லை. வழக்கு நடுவர் முன் சென்றது. நடுவர் தீர்ப்பில் கேட்ட தொகை முழுவதும் கிடைத்தது.

ஐந்து ஆண்டுச் செலவை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தொகைக்கு நான் வேறொரு பொருள் காண்கிறேன்: காலியாக விடப்பட்ட ஊருக்கு மதிப்பை உண்டாக்கியவர் யார் என்பதை எதிர்த்தரப்பின் வாயாலன்றி நடுவரின் வாயால் சொல்லவைத்தார். அணியை அது காப்பாற்றவில்லை. பிங் 2003-இல் காலமானார். அவர் கதையை 2014-இல் ஆவணப்படமாக எடுத்தவர்கள் அவருடைய பேரன்மார், சாப்மன் வேயும் மக்லெய்ன் வேயும்.

அப்படித் திரும்பிவந்த பீவர்ஸாவது நிலைத்ததா?

1978 முதல் 1993 வரை ஆடிவிட்டு சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது. இடையில் 1995 முதல் 2000 வரை போர்ட்லண்ட் ராக்கீஸ் என்ற அணி, மாவரிக்ஸ் ஆடிய அதே நார்த்வெஸ்ட் லீகில், அதே மைதானத்தில் ஆடியது. 2001-இல் மூன்றாம் முறையாக வந்த பீவர்ஸ் 2010-உடன் வெளியேறியது. மைதானம் கால்பந்துக்கென்று மாற்றியமைக்கப்பட்டு, இன்று பிராவிடன்ஸ் பார்க் என்ற பெயரில் போர்ட்லண்ட் டிம்பர்ஸின் இல்லமாக இருக்கிறது.

மாவரிக்ஸ் போன்ற சாராத அணிகள் இன்று உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. 1993-இல் நார்தர்ன் லீக், ஃபிரான்டியர் லீக் என்று தாய் அணி இல்லாத அணிகள் மட்டுமே சேர்ந்த லீகுகள் தோன்றின. மாவரிக்ஸைப் பார்த்துத்தான் அவை தோன்றின என்று சிலர் எழுதுவதை அப்படியே ஏற்க வேண்டாம். இடையே பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. வேறுபாடும் பெரிது: அவர்கள் தங்களைப் போன்றவர்களோடு ஆடுகிறார்கள், மாவரிக்ஸ் பண்ணை அணிகளின் நடுவே, அவர்களின் லீகிலேயே ஆடியது.

அதே பெயரில் மறுபடி ஒரு அணி வந்ததாகக் கேள்விப்பட்டேனே?

2021-இல் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீகுகளை மாற்றியமைத்து, குறுகிய பருவ 'ஏ' வகுப்பையே ஒழித்தது. அதில் இடமிழந்த அணிகளில் ஒன்று ஓரிகனின் கைசர் நகரத்து வல்கனோஸ். அவர்கள் தங்கள் மைதானத்திலேயே நான்கு அணிகள் கொண்ட சிறு லீகைத் தொடங்கி, அதற்கு மாவரிக்ஸ் லீக் என்றும், அதன் ஓர் அணிக்குப் போர்ட்லண்ட் மாவரிக்ஸ் என்றும் பெயரிட்டார்கள். பெயர் போர்ட்லண்ட் என்றாலும் ஆட்டங்கள் நடந்தது கைசரில்.